ஓடும்போது படம் எடுக்க ஓர் இடுப்புப் பை: தைத்தது, பிரித்தது, மறுபடி தைத்தது

விடியற்காலை, ஆறாவது கிலோமீட்டர். பனிமூட்டத்துக்குள் ஒரு கொக்கு வேலிக்கம்பத்தின் மேல் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. பின்னால் எதுவுமே தெரியவில்லை, வெறும் வெள்ளை. நான் நின்றேன். கையில் கட்டியிருந்த பட்டையின் ஜிப்பைத் திறந்து கைப்பேசியை உருவினேன். ஈரவிரலை ரேகைப்பூட்டு ஏற்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், அப்போதும் இல்லை. எண்களைத் தட்டித் திறந்து, கேமராவைத் தேடி எடுத்து நிமிர்ந்தபோது வேலிக்கம்பம் மட்டும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், வியர்வை காயும் முன்பே, அதே வேலையை அப்படியே இன்னொரு முறை செய்து நேரம் பார்த்தேன். 17 நொடி. காட்சியைப் பார்க்க எனக்குத் தெரிகிறது, படம் பிடிக்கவும் ஓரளவு தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இந்த 17 நொடிதான் பிரச்சினை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதை 5 நொடிக்குள் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தேன். கடந்த ஆறு மாதமாகச் செய்த தையல், திருத்தம், சோதனை எல்லாம் அதற்காகத்தான்.

முதலில் செலவில்லாத வழிகள். பல கைப்பேசிகளில் பக்கவாட்டு பவர் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் பூட்டைத் திறக்காமலேயே கேமரா வந்துவிடும். அமைப்புகளில் அதை முடுக்கிவிட்டேன். ஒலியளவுப் பொத்தானே ஷட்டராக வேலை செய்யும் என்பதும் பெரிய உதவி. ஈரமான திரை விரலையும் வியர்வைத் துளியையும் குழப்பிக்கொள்ளும். பொத்தானுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. இந்த இரண்டு மாற்றத்திலேயே 17 நொடி 9 ஆகிவிட்டது. ஓடும்போது படம் எடுக்க நினைக்கிற எவரும் வேறு எதையும் வாங்கும் முன் இந்த இரண்டையும் செய்து பாருங்கள்.

ஆனால் படங்கள் மங்கலாக வந்தன. கை நடுக்கம் என்றே இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தெருவிளக்கைச் சுற்றி வட்டமாகப் புகை படர்ந்ததுபோல் ஒரு படம் விழுந்தது. கைப்பேசியைத் திருப்பி, லென்ஸைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். கண்ணாடி முழுக்க மெல்லிய எண்ணெய்ப் படலம், ஓரத்தில் காய்ந்துபோன வெள்ளைப் பொருக்கு. வியர்வையில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பும் தோலின் எண்ணெயும் அங்கேயே தங்கிவிடும். கைப்பட்டைக்குள் லென்ஸ் தோலோடு ஒட்டியே வருகிறது, பிறகு எப்படித் தெளிவாக வரும்?

துடைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. காய்ந்த உப்பை உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் உப்புத் துகள்களே லென்ஸ் மேல்பூச்சைக் கீறக்கூடும். முதலில் லேசாக ஈரமாக்கிய துணியால் ஒற்றி உப்பைக் கரைத்து எடுக்க வேண்டும், அப்புறம்தான் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. ஓடி முடித்ததும் நான் முதலில் செய்வது இப்போது இதைத்தான், காலணியைக் கழற்றுவதுகூட அப்புறம்தான்.

இதற்கிடையில் பழைய சிறிய கேமரா ஒன்று கைக்கு வந்தது. அதன் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, 13.2 × 8.8 மில்லிமீட்டர், பெயருக்கு மட்டும் ‘ஒரு இஞ்ச்’ என்று சொல்கிறார்களே, அந்த வகை. எடை ஏறத்தாழ 300 கிராம். கைப்பேசியைவிட அதில் எனக்குப் பிடித்தது, ஒரே பொத்தானில் உயிர் பெற்று, கடைசியாக வைத்த அமைப்பிலேயே நிற்பது. சரி, இதை எதில் தூக்கிக்கொண்டு ஓடுவது? கழுத்தில் மாட்டினால் நெஞ்சில் அடிக்கிறது. கையிலேயே பிடித்து ஓடினால் தோள் ஒரு பக்கமாக இறுகுகிறது, மூன்றாவது கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும். கடையில் கிடைக்கும் இடுப்புப் பைகள் சாவிக்கும் கைப்பேசிக்கும் அளவெடுத்தவை. ஆகவே ஊசியை எடுத்தேன்.

முதல் பைக்கு எடுத்த பொருள்கள்: கிழிந்துபோன மழைச்சட்டையின் கை, ஒரு மைக்ரோஃபைபர் துணி, 4 சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக், பழைய முதுகுப்பையிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் பக்கிள், வெல்க்ரோ. மழைத்துணி வெளியே, மைக்ரோஃபைபர் உள்ளே. கேமராவை உள்ளே தள்ளும்போதும் எடுக்கும்போதும் துணியே லென்ஸ் மூடியைத் துடைத்துவிடும் என்பது கணக்கு.

பை தயாரானதும் கேமராவை வைக்கவில்லை. அதற்குப் பதில் மடித்த டிஷ்யூ பேப்பரை வைத்து 5 கிலோமீட்டர் ஓடினேன். திரும்பி வந்து திறந்தால் பேப்பர் பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. மழை ஒரு சொட்டுக்கூட இல்லாத நாள்!

தப்பு எங்கே என்று யோசித்தேன். நான் தடுக்க வேண்டிய ஈரம் வானத்திலிருந்து வருவதில்லை, என் உடம்பிலிருந்து வருகிறது. மழைத்துணியை வெளியே வைத்ததால், உள்ளே ஊறிய வியர்வை வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. முழுவதும் பிரித்து, துணியைத் திருப்பினேன். மழைத்துணி இப்போது உடம்பை ஒட்டிய பக்கம். வெளிப்பக்கம் பழைய ஓட்டச் சட்டையின் வலைத்துணி. மறுபடி டிஷ்யூ, மறுபடி 5 கிலோமீட்டர். இந்த முறை பேப்பர் உலர்ந்திருந்தது, கீழ் ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு ஈரம். அடியில் தைத்த தையலின் ஊசித்துளைகள் வழியாக இறங்கியிருக்கிறது. மூன்றாவது முறை வெட்டும்போது, அடியில் தையலே வராதபடி துணியை மடித்துப் பக்கங்களில் மட்டும் தைத்தேன். அதன் பிறகு டிஷ்யூ நொறுங்குகிற அளவுக்கு உலர்வாகத் திரும்பி வந்தது. பாலிதீன் உறை, விலை உயர்ந்த பை எதுவும் தேவைப்படவில்லை. ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் பாதி வேலை முடிந்துவிட்டது.

அடுத்தது குதிப்பு. ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து திரும்பி வருகிறது, நிமிடத்துக்கு 160, 170 முறை. 300 கிராம் கேமரா ஒவ்வொரு முறையும் பையைக் கீழே இழுத்துவிட்டு மேலே எகிறும். பட்டை முழுவதையும் எலாஸ்டிக்கில் செய்திருந்தேன், அது ஸ்பிரிங்காகவே வேலை செய்தது. எவ்வளவு இறுக்கினாலும் குதிப்பு குறையவில்லை, மூச்சு மட்டும் முட்டியது. நீளாத நாடாவைப் பட்டையாக்கி, பின்பக்கம் 15 சென்டிமீட்டர் மட்டும் எலாஸ்டிக் வைத்தேன். மூச்சு இழுக்கும்போது இடுப்பு விரிவதற்கு அந்த 15 சென்டிமீட்டர் போதும். பையை இடுப்பு எலும்புக்கு மேல், வலப்பக்க முன்புறம், வாய் சற்றே சாய்ந்திருக்கும்படி பொருத்தினேன். கை ஆடும் வழியில் வராது, ஆனால் இறக்கினால் நேராக விரல் கேமராவில் படும்.

வெல்க்ரோவையும் பிய்த்து எறிந்தேன். அமைதியான காலையில் அதைத் திறக்கிற ‘பர்ர்ர்’ சத்தம் போதும், புதருக்குள் இருக்கும் எல்லாம் பறந்துவிடும். அதற்குப் பதில் ஒரு மரப்பொத்தானும் எலாஸ்டிக் கயிற்றுக் கண்ணியும் வைத்தேன். கட்டை விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் கழன்றுவிடும்.

மூன்றாவது வாரம் பட்டை அறுந்தது. மண்பாதையில் இறக்கத்தில் ஓடும்போது ஒரு பக்கத்தில் எடை காணாமல் போனதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் பை நாலடி பின்னால் கிடந்தது. கேமராவின் ஒரு மூலை நசுங்கியது, மற்றபடி வேலை செய்தது. வீட்டுக்கு வந்து தையலைப் பார்த்தேன். பருத்தி நூல், ஒரே வரித் தையல். மொத்த இழுவையும் அந்த ஒரு வரியின் முதல் கண்ணிலேயே விழுந்திருக்கிறது, அது போனதும் மற்றவை வரிசையாகப் பிரிந்திருக்கின்றன. பாலியஸ்டர் நூலை இரட்டையாக எடுத்து, நாடா பையோடு சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட்டேன். பின்னால் தடித்த துணித்துண்டு ஒன்றும் ஒட்டுக் கொடுத்தேன். முதுகுப்பைகளின் தோள்பட்டையைப் பார்த்தால் இதே தையல் இருக்கும். இழுவை நாலு பக்கமும் பிரிந்துபோக அதுதான் வழி. இன்றுவரை அசையவில்லை.

கேமராவின் அமைப்பு இப்போது நிரந்தரமாக இப்படி: ஷட்டர் (ஒளி உள்ளே வரும் நேரம்) 1/500 நொடி, துளை (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6, ஐஎஸ்ஓ (ஒளியைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற அளவு) தானியங்கி, உச்சம் 3200. ஃபோகஸைக் கையால் 2 மீட்டரில் பூட்டிவிட்டேன். சின்ன சென்சாருக்கும் அகன்ற லென்ஸுக்கும் இதில் ஒரு வசதி: எஃப் 5.6இல் 2 மீட்டரில் நிறுத்தினால் ஏறத்தாழ 1 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை போதுமான தெளிவு கிடைக்கும். கேமரா ஃபோகஸ் தேடிக்கொண்டு நிற்கவே வேண்டாம். வெளிச்சம் குறைந்த நேரத்தில் ஐஎஸ்ஓ ஏறிப் படத்தில் மணல் தூவினதுபோல் வரும், வரட்டும். மணலைப் பின்னால் ஓரளவு குறைக்கலாம், அசைந்த படத்தைச் சரிசெய்ய வழியே இல்லை. பையும் இந்த அமைப்பும் சேர்ந்து 17 நொடியை 4 நொடிக்குக் கொண்டுவந்துவிட்டன.

ஓடிக்கொண்டே எடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 2.8 மீட்டர். ஷட்டர் 1/100 நொடி திறந்திருந்தால் அதற்குள் நாம் 2.8 சென்டிமீட்டர் நகர்ந்திருப்போம். பக்கவாட்டில் 3 மீட்டர் தூரத்தில் இருக்கும் வேலியை அகன்ற லென்ஸால் எடுத்தால், 4000 புள்ளி (பிக்சல்) அகலப் படத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் ஒரு புள்ளி. அதாவது வேலி 28 புள்ளி இழுபடும், பார்த்ததும் தெரியும். 30 மீட்டர் தள்ளி இருக்கும் மரம் 3 புள்ளிதான் இழுபடும், கண்ணுக்கே தெரியாது. அதனால் ஓடும்போது எடுப்பதென்றால் தூரத்துக் காட்சிதான். இல்லையென்றால் நேர் எதிரே, பாதை நம்மை நோக்கி வருவதுபோல எடுக்கலாம். அந்தக் கோணத்தில் நடுப்பகுதி அதிகம் இழுபடுவதில்லை. கை நடுக்கம் தனிக்கணக்கு, அதற்கு வேகமான ஷட்டர் ஒன்றே மருந்து.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். ஓடும்போது இரண்டு காலும் தரையில் இல்லாத கணம் ஒன்று ஒவ்வொரு காலடியிலும் வரும். அந்த எழுச்சியின் உச்சியில் உடல் மேலேயும் போவதில்லை, கீழேயும் இறங்குவதில்லை, ஒரு நொடியின் சிறு பங்கு நேரம் மேல்கீழ் அசைவே இருக்காது. அதைப் பார்த்து அழுத்த எந்த விரலாலும் முடியாது. ஆனால் நிமிடத்துக்கு 170 காலடி என்றால் ஒரு காலடிக்கு 0.35 நொடி. நொடிக்குப் பத்துப் படம் என்று தொடர்ச்சியாக எடுத்தால் ஒரு காலடிக்கு மூன்று நான்கு படம் விழும், அவற்றில் ஒன்று உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். கேமராவை நெஞ்சோடு அணைத்து, திரையைப் பார்க்காமல், பாதையைப் பார்த்தபடி ஒரு நொடி அழுத்திப்பிடிப்பேன். திரையைப் பார்த்துக்கொண்டு ஓடவே கூடாது, அதில் மட்டும் நான் கண்டிப்பு. நிற்கும்போதும் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்து, பாதையிலிருந்து விலகித்தான் நிற்பேன்.

பெரும்பாலான நல்ல படங்கள் நின்று எடுத்தவைதான். நின்றதும் உடனே அழுத்தினால் மார்பு ஏறி இறங்குகிற அசைவு கேமராவுக்கு வந்துவிடும். முழங்கை இரண்டையும் விலாவில் ஒட்டி, இரண்டு மூச்சு விட்டு, மூன்றாவது மூச்சை வெளியே விட்டு முடிக்கும் இடத்தில் மெதுவாக அழுத்துவேன். இதற்கு நாலைந்து நொடி ஆகும். காட்சி நகராதது என்றால் இந்த நேரம் கொடுக்கலாம். நகர்வது என்றால் மூச்சை மறந்துவிட்டு 1/500ஐ நம்பி அழுத்த வேண்டியதுதான்.

பறவைகள் விஷயத்தில் நான் கவனித்தது: ஓடி வருகிற ஆளைவிட, திடீரென்று நிற்கிற ஆள்தான் அவற்றை மிரட்டுகிறான். கடந்து போகிறவனால் ஆபத்தில்லை என்று விட்டுவிடுகின்றன. நின்று, திரும்பி, நேராகப் பார்த்தால் எழுந்துவிடும். அதனால் தூரத்திலேயே கண்டுவிட்டால் இருபது காலடி முன்பே வேகத்தைக் குறைத்து, நடையாக்கி, பறவைக்கு நேராகப் போகாமல் பக்கவாட்டாகக் கடக்கிற மாதிரி நடந்து, நடையிலேயே கேமராவை எடுத்துவிடுவேன். கூடு பக்கத்தில் என்றால் நிற்பதே இல்லை. நாம் நிற்கிற நேரமெல்லாம் தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்பாமல் காத்திருக்கும்.

பறவையைவிட எனக்கு அதிகம் கிடைத்தது சிலந்தி வலை. வானம் தெளிவாக, காற்றில்லாத இரவு என்றால் மறுநாள் காலை வலையில் பனித்துளி கட்டாயம் இருக்கும் என்று இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுவேன். மேகம் இல்லாவிட்டால் புல்லும் இலையும் தங்கள் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகும், காற்றில் இருக்கும் ஈரம் அவற்றின் மேல் படியும். ஒரு நாள் இரும்பு வேலியின் மூலையில் ஒரு கை அகல வலை. சூரியன் எனக்குப் பின்னால் இருந்தபோது அது வெறும் அழுக்கு நூல் மாதிரிதான் தெரிந்தது. குனிந்து வேலியின் மறுபக்கம் போய், சூரியன் வலைக்குப் பின்னால் வரும்படி மண்டியிட்டேன். ஒவ்வொரு இழையிலும் ஒரே இடைவெளியில் கோத்ததுபோல் துளிகள். ஒவ்வொரு துளிக்குள்ளும் தலைகீழாக வேலி, தலைகீழாக வானம். நடுவில் சிலந்தி கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பின்னணியில் மரநிழல் விழும் கோணத்தைத் தேடி, ஒளியளவை ஒரு படி குறைத்து எடுத்தேன். குறைக்காவிட்டால் இருண்ட பின்னணியைப் பார்த்துக் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டித் துளிகளை வெளுக்கவிட்டுவிடும். இந்தப் படத்துக்கு ஃபோகஸ் பூட்டைத் தளர்த்தி, நானே முன்னும் பின்னும் மெல்ல அசைந்து தெளிவு வந்த இடத்தில் அழுத்தினேன். ஓட்டக் கடிகாரத்தில் அந்தக் கிலோமீட்டர் 11 நிமிடம் என்று பதிவாகியிருக்கிறது. அந்த எண்ணை அழிக்க எனக்கு மனமில்லை.

கடிகாரம் தானாக நின்று ஓடும் வசதியை அதன் பிறகு அணைத்துவிட்டேன். வேகப் பயிற்சி நாளில் கேமரா வீட்டில், நீண்ட மெதுவோட்ட நாளில் மட்டும் இடுப்பில். இரண்டையும் ஒரே நாளில் செய்ய முயன்றபோது இரண்டுமே அரைகுறையாகத்தான் வந்தன.

மனிதர்களை எடுப்பதில் நான் மெதுவாகத்தான் முன்னேறுகிறேன். ஒரே பாதையில் தினமும் ஓடுவதால் முகங்கள் பழகிவிட்டன. தெரு கூட்டுகிறவர், சைக்கிளில் செய்தித்தாள் போடுகிறவர், நாயோடு நடக்கும் பெரியவர். முதல் மாதம் தலையசைப்பு மட்டும். பிறகுதான் கேமராவைக் காட்டி, ‘எடுக்கலாமா?’ என்று கேட்டேன். கேட்ட பிறகு முகம் இறுகிவிடும் என்பது உண்மை. ஆனால் அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று போகும்போது அவர்கள் கேமராவை மறந்துவிடுகிறார்கள். கூட்டுகிறவர் துடைப்பத்தை நிமிர்த்தி வைத்து அதன் மேல் இரண்டு கையையும் மடித்து ஓய்வெடுக்கும் படம் எனக்குப் பன்னிரண்டாவது நாள்தான் கிடைத்தது. அவருக்கு ஒரு பிரதி அச்சிட்டுக் கொடுத்தேன். குழந்தைகளைப் பெற்றோரிடம் கேட்காமல் எடுப்பதில்லை. யாராவது சங்கடப்பட்டால் எடுத்ததை அவர் கண்முன்னே அழித்துவிடுவேன்.

ஒரே பாதையால் இன்னொரு லாபம். மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு மின்கம்பம் இருக்கிறது. அதன் எதிரே ஒரு மூடுகல்லின் மேல் நின்று, சூரியன் எழும் நேரத்தில் ஓடும் நாளெல்லாம் ஒரே படம் எடுக்கிறேன். மார்ச்சில் சூரியன் நாளுக்கு நாள் நகர்வது கம்பத்தை வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரிந்தது, வாரத்தில் பல விரற்கடை. ஜூன் நெருங்க நெருங்க நகர்வு குறைந்து, கடைசியில் ஒரே இடத்தில் நின்றதுபோல் ஆனது. இப்போது திரும்பி வரத் தொடங்கியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த விஷயம்தான். ஆனால் நாற்பத்தியொரு படத்தை வரிசையாக அடுக்கி விரலால் தள்ளிப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

குளிரூட்டிய அறையில் இரவு முழுக்க இருந்த கேமராவை ஈரக்காற்றுக்குள் எடுத்துப்போனால் லென்ஸ் உடனே வியர்க்கும், இதையும் சொல்லிவிட வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் காற்றின் ஈரம் படிவதுதான் காரணம். எழுந்ததும் கேமராவை மூடிய உறையிலேயே வாசலில் வைத்துவிட்டு, பல் துலக்கி, காலணி கட்டி, உடம்பைத் தளர்த்தி முடிக்க இருபது நிமிடம் ஆகும். அதற்குள் அது வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்துவிடும். ஓடி வந்த பிறகு கேமராவை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன். பையைச் சோப்பில்லாத தண்ணீரில் அலசித் தொங்கவிடுகிறேன், உப்பு தங்கினால் மறுநாள் இடுப்பில் அரிக்கும்.

இப்போதைக்குக் குறை ஒன்றுதான். பின்பக்க எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது, கடந்த வாரம் மறுபடி லேசாகக் குதிக்க ஆரம்பித்திருக்கிறது. அடுத்த முறை அதைத் தைக்காமல், இரண்டு பக்கமும் கண்ணி வைத்துக் கழற்றி மாட்டும்படி செய்யப்போகிறேன். மழைக்காலத்துக்கு ஒரு மூடியும் வேண்டும். மழைச்சட்டையின் இன்னொரு கை மிச்சம் இருக்கிறது, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு வெட்டி வைத்திருக்கிறேன்.

கொக்கு அந்த வேலிக்கம்பத்துக்கு இன்னும் வருகிறது. சென்ற செவ்வாய்க்கிழமை மூட்டம் இல்லை, வெறும் சாம்பல் வெளிச்சம். நடையைக் குறைத்து, பக்கவாட்டாகப் போய், பொத்தானைத் தள்ளி எடுத்தேன். மூன்று படம் விழுந்தன. மூன்றாவதில் அது கழுத்தைத் திருப்பி என்னைப் பார்க்கிறது.